நேர்முகத் தேர்வும் ஓர் அளவுகருவியே!

காலை ஏழரை மணிக்கு, ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் நெடுஞ்சாலை ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். தமிழ்நாட்டின் எல்லை இங்கே முடிகிறது. அதே சாலையில் மேலும் சென்றால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. சிப்காட் தொழிற்பேட்டைக்குள் நுழையும் கம்பெனிப் பேருந்துகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சுக் கேட்கும். சாப்பாட்டுப் பையுடன் இறங்கி விரையும் தொழிலாளர்களுக்கு நடுவே, கையில் சான்றிதழ்க் கோப்புடன் தயங்கித் தயங்கி நடக்கும் இளைஞர் சிலரையும் காணலாம். சலவை மடிப்புக் கலையாத சட்டை. எதையோ மனப்பாடம் செய்வதுபோல் முணுமுணுக்கும் உதடுகள். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள் இவர்கள்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் என் மாணவர். ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தால், யாரும் சொல்லாமலே முதலில் சுழிப்பிழையைப் பார்ப்பவர். அத்தகையவர் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பித்து, நான்கே நிமிடங்களில் வெளியே வந்துவிட்டார். "உங்களைப் பற்றிக் கூறுங்கள்" என்றார்களாம். தம் பெயர், தந்தையார் பெயர், ஊர், மதிப்பெண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒப்பித்தாராம். அதற்குமேல் பேச்சு வரவில்லை. அளவியைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. "எனக்குத் தகுதி இல்லை சார்" என்றார் என்னிடம்.

அவர் எடுத்த முடிவு சரிதானா? நேர்முகத் தேர்வு என்பது எதை அளக்கிறது? எவ்வளவு துல்லியமாக அளக்கிறது? அங்கு வழக்கமாகக் கேட்கப்படும் வினாக்களுக்கு எவ்வாறு விடை கூறுவது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பிழை மலிந்த கருவி

எந்த அளவுகருவியையும் பயன்படுத்துமுன், அதன் பிழை எவ்வளவு என்று அறிந்துகொள்வது இயற்பியல் மாணவரின் முதல் கடமை. நேர்முகத் தேர்வையும் அவ்வாறே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1915-ஆம் ஆண்டில் வால்டர் டில் ஸ்காட் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், அனுபவமுள்ள விற்பனை மேலாளர்கள் 6 பேரையும் வேலை கேட்டு வந்த 36 பேரையும் வைத்து ஒரு சோதனை நடத்தினார. ஒவ்வொரு மேலாளரும் தனித்தனியே அனைவரையும் கண்டு பேசி, தரவரிசை இட வேண்டும். முடிவு என்ன தெரியுமா? 36 பேரில் 28 பேரைப் பொறுத்தவரை, அவர்கள் பட்டியலின் மேற்பாதியில் வரவேண்டியவர்களா, கீழ்ப்பாதியில் வரவேண்டியவர்களா என்பதில்கூட மேலாளர்களிடையே ஒற்றுமை இல்லை! ஒரே கம்பியை ஆறு திருகு அளவிகளால் அளந்து, ஆறு வெவ்வேறு விட்டங்கள் கிடைத்தால் நாம் கம்பியையா குறை கூறுவோம்?

கருவி சரியாக இருந்தாலும், அளக்க வேண்டியதை விட்டு வேறொன்றை அளந்துவிடுவதும் உண்டு. 1921-இல் தாமஸ் ஆல்வா எடிசன் தம்மிடம் வேலைக்கு வருவோருக்கு ஏறக்குறைய 150 பொது அறிவு வினாக்களைக் கொடுத்துச் சோதித்தார். அவ்வினாக்கள் பத்திரிகைகளில் வெளியாகி அமெரிக்கா முழுவதும் பேச்சாயின. அதே ஆண்டில் அங்கு வந்திருந்த ஐன்ஸ்டீனிடம் பாஸ்டன் நகரில் ஒருவர், "ஒலியின் வேகம் என்ன?" என்று கேட்டார். புத்தகத்தில் எளிதில் கிடைக்கும் செய்தியைத் தாம் நினைவில் சுமப்பதில்லை என்று ஐன்ஸ்டீன் கூறிவிட்டார். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் என்பதை நம் பள்ளி மாணவரே சொல்லிவிடுவார். அதனால் ஐன்ஸ்டீனுக்கு இயற்பியல் தெரியாது என்று ஆகிவிடுமா?

நம் நாட்டிலும் இக்கருவியின் பிழை நீதிமன்றம் வரை சென்றதுண்டு. சீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு 50 மதிப்பெண் என வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று நிமிடங்களே பேச வைத்தார்கள் என்பது மாணவர்களின் முறையீடு. அஜய் ஹாசியா வழக்கு எனப்படும் இவ்வழக்கில் 1980 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய சேர்க்கையில் மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்குவது ஏற்கத்தக்கதன்று என்றது. பிற்காலத்தில், 2016 ஜனவரி 1 முதல், மத்திய அரசின் கீழ்நிலைப் பணியிடங்களுக்கு நேர்முகத் தேர்வே கைவிடப்பட்டது.

பிழையைக் குறைக்கும் வழி

இருப்பினும் தனியார் தொழிற்சாலைகளில் நேர்முகத் தேர்வு தொடர்கிறது. அதன் பிழையைக் குறைக்கும் வழியும் கண்டறியப்பட்டுள்ளது. அது நம் ஆய்வுக்கூட வழியேதான்: எல்லோரையும் ஒரே நிபந்தனையில் அளப்பது. வந்தவர் அனைவரிடமும் ஒரே வினாக்களை ஒரே வரிசையில் கேட்பது. எத்தகைய விடைக்கு எவ்வளவு மதிப்பெண் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது. ஒருவருக்குப் பதில் இருவர் மூவர் மதிப்பிடுவது. இதனை 'வரையறுத்த நேர்முகத் தேர்வு' எனலாம்.

இதன் பயனை எண்ணால் காட்டவும் இயலும். தேர்வில் பெற்ற மதிப்புக்கும் பின்னர் வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பை 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணால் குறிப்பார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை. 1 என்றால் முழுத் தொடர்பு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான சாக்கெட் குழுவினரின் கணக்குப்படி, மனம் போனபடி பேசும் நேர்முகத் தேர்வுக்கு இந்த எண் 0.19, வரையறுத்த நேர்முகத் தேர்வுக்கு 0.42. கருவி இரு மடங்குக்கு மேல் மேம்படுகிறது. ஆயினும் 1-ஐ எட்ட இன்னும் வெகுதூரம்.

எந்த வகைத் தேர்வு நமக்கு வாய்க்கும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் ஒன்று நம் கையில் உள்ளது. தேர்வாளர் எவ்வளவு தெளிவில்லாமல் கேட்டாலும், அவர் அளக்க விரும்புவது இன்னது என ஊகித்து, அதற்குரிய சான்றை நாமே எடுத்து வைக்கலாம். விடை கூறும் கலை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. இனி வினாக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"உங்களைப் பற்றிக் கூறுங்கள்"

பெயரும் ஊரும் மதிப்பெண்ணும் விண்ணப்பத்தாளிலேயே உள்ளன. அத்தாள் தேர்வாளரின் மேசைமீது இருக்கிறது. எனவே அவற்றைக் கேட்பதற்காக இவ்வினா எழுவதில்லை. "இந்த வேலைக்கு நீங்கள் பொருந்துவீர்களா? அதற்கு என்ன சான்று?" என்பதே இதன் உட்பொருள்.

என் மாணவர் பின்வருமாறு கூறியிருக்கலாம்: "நான் இயற்பியல் பட்டதாரி. அளவெடுக்கும் வேலையில் எனக்கு ஈடுபாடு அதிகம். வெர்னியர், திருகு அளவி இரண்டையும் மூன்று ஆண்டுகள் கையாண்டிருக்கிறேன். ஒருமுறை எங்கள் குழு அளந்த கம்பியின் விட்டம், அடுத்த மேசையினர் கண்டதைவிட 0.03 மி.மீ. கூடுதலாக இருந்தது. கருவியின் சுழிப்பிழையைக் கழிக்காமல் விட்டிருப்பதை நான் கண்டுபிடித்தேன். எல்லா அளவீடுகளையும் திருத்தியதும் இரு குழுக்களின் விடையும் ஒத்துவந்தது. உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இத்தகைய வேலையைச் செய்ய விரும்புகிறேன்."

இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. "நான் கவனமானவன்" என்ற சொல் இதில் எங்கும் இல்லை. ஆனால் கேட்டவர் அதை உணர்ந்துவிடுவார். இதன் அமைப்பையும் கவனியுங்கள். முதலில் நிலைமை, அடுத்து தம் பொறுப்பு, பிறகு செய்த செயல், இறுதியில் விளைவு. ஒரு சோதனையை ஏட்டில் எழுதும்போது நோக்கம், செய்முறை, முடிவு என எழுதுகிறோம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். "கடினமான சூழ்நிலை ஒன்றை எவ்வாறு சமாளித்தீர்கள்?", "குழுவாக வேலை செய்திருக்கிறீர்களா?" என்னும் வினாக்களுக்கும் இதே அமைப்புப் பொருந்தும். 1980-களின் தொடக்கத்திலிருந்து உளவியலார், 'முன்பு என்ன செய்தீர்கள்', 'இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள்' என்னும் இருவகை வினாக்களை வலியுறுத்தி வருகின்றனர். எனவே இவை இன்று எங்கும் கேட்கப்படுகின்றன.

"தொழிற்சாலையில் வேலை செய்த அனுபவம் எனக்கு இல்லையே!" எனச் சிலர் கவலைப்படலாம். அப்பாவின் மோட்டார் பம்பு நின்றுபோனபோது சரிசெய்தது, ஊர்த் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தது, விடுமுறையில் கடையில் நின்றது ஆகிய யாவும் சான்றுகளே. நடந்ததை நடந்தபடி கூறவேண்டும். கற்பனையாகக் கூறினால் இரண்டாவது துணைக்கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வோம்.

"எங்கள் கம்பெனியில் சேர ஏன் விரும்புகிறீர்கள்?"

"பெயர் பெற்ற கம்பெனி" என்பது எல்லோரும் கூறும் விடை. எல்லோரும் கூறுவதால் அது யாரையும் வேறுபடுத்திக் காட்டாது. அங்கு என்ன செய்கிறார்கள், அதன் அறிவியல் என்ன என்று ஒரு மாலைப்பொழுது படித்துவிட்டுச் செல்வது நல்லது.

ஓசூரின் வரலாறே இதற்குத் துணை செய்யும். சிப்காட் நிறுவனம் 1971-இல் தமிழக அரசால் தொடங்கப்பட்டது. 1980-இல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை ஓசூரில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டும் இங்கிருந்து வெளிவந்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன், தன் கைக்கடிகாரங்களை இங்கே செய்தது. இன்று மின்சார ஸ்கூட்டர்களும் ஓசூரில் உருவாகின்றன.

கடிகாரத் தொழிற்சாலைக்குச் செல்பவர், குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது என்பதை அறிந்திருக்கலாம். அது ஏன் அந்த எண்? 2-ஐ 15 முறை பெருக்கினால் வருவது 32,768. ஆகவே மின்சுற்று அதனைப் பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். டீசல் எஞ்சின் செய்யும் இடத்துக்குச் செல்பவர், அதில் தீப்பொறிக் கட்டை ஏன் இல்லை என்பதை அறிந்திருக்கலாம். காற்று மிகுதியாக அழுத்தப்பட்டு 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாவதால், பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. "இதைப் படித்தபோது, இங்கு வேலை செய்தால் இதை நேரில் காணலாம் என நினைத்தேன்" என்று ஒருவர் கூறினால், அவருடைய ஆர்வத்துக்கு வேறு சான்று தேவையில்லை.

"உங்கள் குறைபாடு என்ன?"

இதற்கு, "அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை" எனச் சிலர் சாமர்த்தியமாக விடை கூறுவர். கேட்பவருக்கு இது பழகிப்போன விடை. சுழிப்பிழை உள்ள திருகு அளவியை நாம் எறிந்துவிடுவதில்லை. பிழை எவ்வளவு என்று தெரிந்தால் திருத்தத்தைச் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். ஆபத்தானது தெரியாத பிழைதான். இவ்வினாவும் அதையே அளக்கிறது: தம் பிழையை இவர் அறிவாரா? அதற்குத் திருத்தம் செய்கிறாரா?

"புதியவர்களிடம் பேசுவதற்குத் தயங்குவேன். அதனால் ஆறு மாதங்களாக எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். இப்போது தயக்கம் குறைந்திருக்கிறது" என்பது நேர்மையான விடை. அரியர் வைத்தது, ஓராண்டு வீட்டில் இருந்தது ஆகியவற்றைக் கேட்டாலும் இதே முறைதான். காரணத்தை ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டு, அதன்பின் செய்ததை இரண்டு வாக்கியங்களில் கூறலாம்.

விடை தெரியாத வினா வந்தால்?

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் கேட்கத்தக்க வினா ஒன்றைப் பார்ப்போம். "லேத்திலிருந்து இறக்கிய 100 மி.மீ. இரும்புத் தண்டை அளந்தபோது நீளம் சரியாக இருந்தது. மறுநாள் அளந்தால் 0.03 மி.மீ.க்கு மேல் குறைகிறது. ஏன்?"

இதற்கு விடை தெரியாதென வைத்துக்கொள்வோம். மௌனமாக இருந்தால் தேர்வாளருக்கு அளக்க எதுவும் கிடைக்காது. தெரிந்ததுபோல் நடித்தால் தவறான அளவு கிடைக்கும். மூன்றாவது வழி, வாய்விட்டுச் சிந்திப்பது. "இதற்கு நேரான விடை எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்க்கிறேன். ஒரே நாளில் தேய்ந்திருக்க முடியாது. கடைசல் வேலையில் தண்டு சூடாகியிருக்கும். சூட்டில் இரும்பு விரியும், ஆறியபின் சுருங்கியிருக்கலாம்" என்று கூறினால் விடையின் வாயிலுக்கே வந்துவிட்டோம். எஃகு, ஒரு டிகிரி வெப்பநிலை உயர்வுக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். அறை வெப்பநிலையைவிட 30 டிகிரி சூடாக உள்ள 100 மி.மீ. தண்டு 0.036 மி.மீ. நீண்டிருக்கும். திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.தான் என்பதால் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்துவிடும். நீள அளவீடுகளுக்கு உலகெங்கும் 20 டிகிரி செல்சியஸையே அடிப்படை வெப்பநிலையாக வைத்திருப்பதும் இதனால்தான்.

சூத்திரத்தை மறந்தவர்கூட இவ்வளவு தூரம் வரலாம். தொழிற்சாலையில் நாளும் எழும் சிக்கல்கள் எந்தப் புத்தகத்திலும் விடையுடன் அச்சாகியிருப்பதில்லை. ஆகவே சிந்திக்கும் முறையைக் காண்பதில் தேர்வாளருக்கு ஆர்வம் உண்டு.

பெண்களிடம் கேட்கப்படுவது

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியபின், வேலைக்கு வரும் பெண்களின் தொகை பெருகியுள்ளது. "திருமணமானால் வேலையை விட்டுவிடுவீர்களா?" என்னும் வினா இன்றும் சில இடங்களில் எழுகிறது. ஆணிடம் கேட்காத இவ்வினாவைப் பெண்ணிடம் மட்டும் கேட்பது, கருவியிலேயே உள்ள ஒருபக்கச் சாய்வாகும். வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காக வேற்றுமை காட்டுவதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தடைசெய்தது. அந்தத் தடை 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. சட்டம் பேசும் இடம் அதுவன்று எனக் கருதுபவர், "நீண்ட நாள் வேலை செய்யவே வந்திருக்கிறேன். ஷிப்டு நேரம், பேருந்து வசதி பற்றித் தெரிந்துகொண்டுதான் விண்ணப்பித்தேன்" என்று உறுதியாகக் கூறி, பேச்சை வேலையின் பக்கம் திருப்பலாம்.

சம்பளம் பற்றிய வினாவுக்கும் முன்னறிவே துணை. அதே வேலையில் உள்ள ஊர்க்காரரிடம் விசாரித்துவிட்டுச் சென்றால், தயக்கமின்றி ஒரு வரம்பைக் கூறலாம். பிராவிடண்ட் பண்டு, ஈ.எஸ்.ஐ., பயிற்சிக் காலம் ஆகியவை குறித்து நாமே கேட்பதிலும் தவறில்லை. "எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?" என அவர்கள் வினவும்போது கேட்கலாம்.

மொழி அச்சம்

தமிழ் வழியில் பயின்றோருக்கு இதுவே பெரிய தடை. தெரிந்த விடையும் ஆங்கில வாக்கியத்தைத் தேடும் முயற்சியில் மறந்துபோகிறது. மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடிய சுமைக்கு ஓர் எல்லை உண்டு. இலக்கணத்தையும் விடையையும் ஒருங்கே தூக்கும்போது ஒன்று நழுவுகிறது. எனவே தம்மைப் பற்றிய அரை நிமிட விடையை எளிய ஆங்கிலத்தில் பழகிக்கொள்வதும், நுணுக்கமான வினா வரும்போது, "இதைத் தமிழில் விளக்கலாமா?" என்று பணிவுடன் கேட்பதும் தக்கது. மூன்று மொழிகள் நாளும் புழங்கும் ஜூஜுவாடியில் இது புதுமையான வேண்டுகோளாக இராது. ஐ.ஏ.எஸ். முதலிய குடிமைப் பணிகளுக்கான நேர்முகத் தேர்வையே தமிழில் எதிர்கொள்ள மத்தியத் தேர்வாணையம் இடமளிக்கிறது. எனினும், ஆங்கிலம் இன்றியமையாத வேலை என்றால் அதனைக் கற்கத்தான் வேண்டும். அதையும் மறைக்காமல், "கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்று கூறலாம்.

பயிற்சி எவ்வாறு செய்வது?

விடைகளை எழுதி வைத்துத் திரும்பத் திரும்பப் படிப்பது போதாது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலார் நடத்திய சோதனையில், பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவைத்து, வினாக்களை வரிசை மாற்றிக் கேட்கச் செய்து, வாய்விட்டு விடை கூறிப் பழகுங்கள். சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். நிகழ்ச்சிகள் ஐந்தாறை மட்டும் தேர்ந்து வைத்துக்கொண்டால் போதும். பெரும்பாலான வினாக்களுக்கு அவற்றுள் ஒன்று பொருந்திவிடும். உள்ளே நுழையும்போது நெஞ்சு படபடப்பது அட்ரினலின் என்னும் சுரப்பின் வேலை. அது எல்லோருக்கும் நேர்வதே. நிதானமாக நாலைந்து முறை மூச்சை இழுத்து விட்டால் படபடப்பு ஓரளவு தணியும்.

என் மாணவரும் அவ்வாறே பழகினார். அடுத்து சென்ற இடத்திலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. மூன்றாவதாகச் சென்ற தொழிற்சாலையில், சுழிப்பிழைக் கதையைக் கேட்ட மேற்பார்வையாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு திருகு அளவியை எடுத்து நீட்டினாராம். வாங்கியவர் முதலில் எதைப் பார்த்திருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அவர் அங்கே அளவீட்டு அறையில் வேலை பார்க்கிறார்.

முதல் தொழிற்சாலையில் நான்கு நிமிடம் இருந்த அவரும், இன்று அளவீட்டு அறையில் இருக்கும் அவரும் ஒருவரே. திறமை இடையில் வந்து சேர்ந்ததன்று. அதை அளக்க முதலில் வழி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டை எடுத்து முடிவு எழுதும் மாணவருக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை. ஐந்து முறையாவது அளந்து சராசரி காணச் சொல்கிறோம். ஒரு நேர்முகத் தேர்வில் தோற்றுவிட்டு "எனக்குத் தகுதி இல்லை" என எழுதிக்கொள்ளும் இளைஞருக்கும் அதையே கூற விரும்புகிறேன். நீங்கள் எடுத்தது ஒரே ஓர் அளவீடு. அதுவும் பிழையுள்ள ஒரு கருவியால். மறுமுறை அளக்கப்படும்போது உங்கள் சான்றை நீங்களே எடுத்து மேசைமீது வையுங்கள்.